பிவிசியும் நைட்ரைல் ரப்பரும் உண்மையிலேயே ஒன்றானதா? படலம் ஊற்றுவதிலிருந்து டிஜி கணக்கு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் ஷூ சோல் தயாரிக்கும் இடங்களில் பிவிசியோடு நைட்ரைல் ரப்பர் சேர்ப்பது புதிய விஷயம் இல்லை. டிஓபி எண்ணெயை மட்டும் நம்பி மென்மையாக்கினால், நாளாவட்டத்தில் எண்ணெய் வெளியே கசிந்து சோல் விறைத்துப்போகும். நைட்ரைல் ரப்பர் நீளச் சங்கிலி என்பதால் கசியாது. பெட்ரோல், கிரீஸ் பட்டாலும் தாங்கும். ஆனால் இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் இரண்டும் சங்கிலி மட்டத்தில் கலந்திருக்க வேண்டும். மில்லில் கலந்து ஷீட்டாக வந்துவிட்டது என்பதை வைத்து மட்டும் அதைச் சொல்ல முடியாது.

வேலூர் வட்டாரக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. வேதியியல் திட்ட வேலைக்கு இந்த ஜோடியை எடுப்பவர்களுக்கும், சோல் கலவையைச் சோதித்துப் பார்க்க விரும்பும் தொழிற்கூடக்காரர்களுக்கும் சேர்த்து எழுதியது இது. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இரண்டும் கலந்ததா என்பதை டிஜியை, அதாவது கண்ணாடிபோல் விறைத்த பொருள் இளகத் தொடங்கும் வெப்பநிலையை, அளந்து பார்க்கிறோம். இந்தச் சோதனையில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை மெஷினில் நடப்பதில்லை. மாதிரி மெஷினுக்குப் போவதற்கு முன்பே, உலர்த்தும் இடத்தில், நடந்து முடிந்துவிடுகின்றன. அதனால் உலர்த்துவதைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறோம், மெஷின் பொத்தான்களைப் பற்றிக் குறைவாக.

கலப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்

"பாலும் நீரும் போல" ஒன்றாகிவிட்டார்கள் என்போம். ஆனால் அந்தப் பாலே ஒன்றான பொருள் இல்லை. கொழுப்புத் துளிகள் தண்ணீரில் தனித்தனியாக மிதப்பதும் பால் வெள்ளையாகத் தெரிய ஒரு காரணம். பாலிமர் கலவைகளில் பெரும்பாலானவை இந்தப் பால் கதைதான்.

சின்ன மூலக்கூறுகள் கலக்கும்போது ஒழுங்கின்மை கூடுகிறது, அதுவே கலப்பை முன்னால் தள்ளுகிறது. ஆயிரம் கண்ணிகள் ஒரே சங்கிலியில் கட்டுண்டு கிடந்தால் அவை இஷ்டத்துக்கு இடம் மாற முடியாது. அந்தத் தள்ளுவிசை கிட்டத்தட்ட காணாமல் போய்விடும். ஃபுளோரியும் ஹக்கின்ஸும் 1940களின் தொடக்கத்தில் தனித்தனியாகக் கொண்டுவந்த கணக்கு இதைத்தான் சொல்கிறது. இரண்டு பொருளுக்கும் இடையிலான பிணக்கை 'கை' என்ற எண்ணால் அளக்கிறார்கள். சின்ன மூலக்கூறுகளுக்கு அந்த எண் 2 வரை போனாலும் எல்லா விகிதத்திலும் கலக்கும். இரண்டு பக்கமும் ஆயிரம் கண்ணி கொண்ட சங்கிலி என்றால் 0.002 தாண்டினாலே சில விகிதங்களில் பிரிந்துவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு இடம்தான் மிஞ்சுகிறது.

ஆகவே கலக்க வேண்டுமானால் இரண்டுக்கும் நடுவே ஏதோ ஓர் ஈர்ப்பு வேண்டும். பிவிசியில் குளோரின் உட்கார்ந்த கார்பனிலேயே ஒரு ஹைட்ரஜனும் இருக்கிறது. குளோரின் இழுப்பதால் அந்த ஹைட்ரஜன் கொஞ்சம் நேர்மின் சாயல் பெறுகிறது. நைட்ரைல் தொகுதியின் நைட்ரஜனை அது பிடித்துக்கொள்கிறது. நைட்ரைல் இல்லாத வெறும் பாலிபியூட்டடையீன் பிவிசியோடு சேரவே சேராது. ரப்பரில் அக்ரிலோநைட்ரைல் ஏறத்தாழ 25 முதல் 40 சதவீதம் வரை இருந்தால் நன்றாகச் சேரும். 18–20 சதவீத கிரேடு வாங்கிவிட்டு "பிரிந்துவிட்டது" என்று வருத்தப்படுவதில் பொருளில்லை. 33 சதவீத கிரேடு எளிதாகக் கிடைக்கும். இங்கே சொல்லும் கணக்கெல்லாம் அதற்கானது.

வாங்க வேண்டியவை

பிவிசி: சஸ்பென்ஷன் ரெசின், கே-மதிப்பு (சங்கிலி நீளத்தைக் குறிக்கும் எண்) 65 முதல் 67. சோல் கடைக்காரர்கள் தரும் ரெடிமேட் காம்பவுண்டு வேண்டாம். அதில் டிஓபி, சுண்ணாம்புத் தூள், ஸ்டெபிலைசர் எல்லாம் இருக்கும். டிஓபி ஒன்றே டிஜியைப் பல பத்து டிகிரி கீழே இறக்கிவிடும்.

நைட்ரைல் ரப்பர்: பேல் வடிவில் உள்ள, வல்கனைஸ் செய்யாத ரப்பர், அக்ரிலோநைட்ரைல் 33 சதவீதம். சோல் தொழிலில் புழங்கும் பவுடர் நைட்ரைலை வாங்கி வந்துவிடாதீர்கள். பவுடர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதன் மேல் பிவிசி, டால்க், கால்சியம் கார்பனேட் போன்ற ஏதாவது ஒன்று பூசியிருக்கும். பல கிரேடுகள் ஏற்கெனவே பாதி குறுக்குப்பிணைப்பு (சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டுவது) போட்டவை, கரையாது, உப்பி நிற்கும். மில்லில் ஓட்ட அது அருமையான பொருள். கரைசலுக்கு உதவாது.

கரைப்பான்: படலத்துக்கு டெட்ராஹைட்ரோஃபியூரான், சுருக்கமாக டிஹெச்எஃப். கொதிநிலை 66 °செ. பாகுநிலை சோதனைக்கு சைக்ளோஹெக்ஸனோன், கொதிநிலை சுமார் 155 °செ. இரண்டு வேலைக்கும் ஒரே கரைப்பானை வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கூடாது. சித்திரை, வைகாசியில் அறை 38 °செ இருக்கும்போது டிஹெச்எஃப்பை விஸ்கோமீட்டரில் வைத்தால் அளந்துகொண்டிருக்கும்போதே ஆவியாகி, செறிவு ஏறிவிடும். சைக்ளோஹெக்ஸனோனில் படலம் ஊற்றினால் அது காய்வதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும்.

டிஹெச்எஃப் பழைய பாட்டிலாக இருந்தால் பெராக்சைடு சோதனை கட்டாயம். ஒரு மி.லி. டிஹெச்எஃப், ஒரு மி.லி. அசிட்டிக் அமிலம், ஒரு சிட்டிகை பொட்டாசியம் அயோடைடு. மஞ்சள் நிறம் வந்தால் அந்தப் பாட்டிலைத் தொடாதீர்கள், காய்ச்சி வடிக்கவும் முயலாதீர்கள். தீப்பற்றும் வெப்பநிலை சுழியத்துக்கும் கீழே என்பதால் பன்சன் பர்னர் அதே மேசையில் எரியக்கூடாது.

இவை தவிர மெத்தனால், 9 செ.மீ. கண்ணாடிப் பெட்ரி தட்டுகள், நான்கு தசமத் தராசு, வெற்றிட அவன் (காற்றை உறிஞ்சிவிட்டுச் சூடேற்றும் பெட்டி), உப்பலோட் விஸ்கோமீட்டர். டிஎஸ்சி (சூடேற்றும்போது வெப்ப ஓட்டத்தை அளந்து டிஜியைக் காட்டும் கருவி), டிஜிஏ (சூடேற்றும்போது எடை இழப்பைக் காட்டும் கருவி) இரண்டும் கல்லூரியில் இல்லையென்றால் வெளியே அனுப்பலாம். வெளியே அனுப்பும்போது என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறோம்.

சுத்தம் செய்து கரைப்பது

ரப்பரைத் துவரம்பருப்பு அளவுக்குக் கத்தரித்துக்கொள்ளுங்கள். 5 கிராம் ரப்பர், 150 மி.லி. டிஹெச்எஃப், மூடிய குடுவை, ஓர் இரவு. காலையில் பெரும்பகுதி கரைந்து, அடியில் ஜெல்லி போல் ஏதாவது கிடந்தால் அது ஜெல். மெல்லிய எஃகு வலையில் வடிகட்டி எறியுங்கள். வடிந்ததை 750 மி.லி. மெத்தனாலில் மெல்லிய தாரையாக ஊற்றிக் கலக்கினால் ரப்பர் சவ்வுபோல் திரண்டு வரும். ஆன்டிஆக்ஸிடன்ட், சோப்பு மிச்சங்களில் பெரும்பகுதி மெத்தனாலோடு போய்விடும். பிவிசிக்கும் இதையே செய்யலாம். அது வெள்ளைத் துகளாக விழும்.

ஆன்டிஆக்ஸிடன்ட் போன பிறகு நைட்ரைல் ரப்பர் காற்றில் சீக்கிரம் கெடும். வெளிச்சம் படாமல் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

கரைசல் 2 சதவீதம். ஒவ்வொரு விகிதத்துக்கும் மொத்தம் 1 கிராம் பாலிமர், 50 மி.லி. டிஹெச்எஃப். பிவிசி:நைட்ரைல் எடை விகிதம் 100:0, 80:20, 70:30, 50:50, 30:70, 20:80, 0:100 என ஏழு. 90:10 போட்டால் அழகான வளைவு கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். பத்து சதவீதமோ அதற்குக் கீழோ உள்ள பொருள் தனியாகப் பிரிந்திருந்தாலும் டிஎஸ்சி வரைபடத்தில் அதன் டிஜியைக் காட்டும் படிக்கட்டு தெரியாமலே போகலாம்.

இரண்டையும் தனித்தனியாக முழுக்கக் கரைத்த பிறகுதான் ஒன்றாக ஊற்ற வேண்டும். 40 °செ நீர்த்தொட்டியில் குடுவையை வைத்துக் காந்தக் கலக்கியில் 3 மணி நேரம் சுற்றினால் பிவிசி தெளிந்துவிடும். கலந்த பிறகு இன்னும் 6 மணி நேரம் சுற்றட்டும்.

படலம் ஊற்றுவது

தட்டு தட்டையாக இருக்க வேண்டும். மேசையை நம்பாதீர்கள், மட்டம் பார்க்கும் குமிழிக் குழாயை வைத்துப் பாருங்கள். 25 மி.லி. கரைசலில் அரை கிராம் பாலிமர் இருக்கிறது. 9 செ.மீ. தட்டில் அது காய்ந்தால் 50:50 கலவைக்குச் சுமார் 70 மைக்ரான் தடிமன் வரும். டிஎஸ்சிக்கும் கண்ணால் பார்ப்பதற்கும் அது போதும்.

டிஹெச்எஃப் சட்டென்று பறந்தால் படலத்தின் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே கரைப்பான் மாட்டிக்கொள்ளும். குமிழியும் வரும். தட்டின் மேல் ஒரு பெரிய புனலைக் கவிழ்த்து, புனல் வாயில் கொஞ்சம் பஞ்சு வைத்துவிடுங்கள். 24 மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

இங்கே நம் ஊர்ப் பருவம் குறுக்கே வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் படலத்தை ஊற்றினால் வெண்மை பூத்துவிடும் வாய்ப்பு அதிகம். டிஹெச்எஃப் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதில் படிகிறது. டிஹெச்எஃப் தண்ணீரோடு நன்றாகக் கலக்கும், பாலிமர் கலக்காது. தண்ணீர் புகுந்த இடத்தில் பாலிமர் திரண்டு, நுண்துளை விழுந்து, படலம் மங்கிவிடும். பார்ப்பவர் "இரண்டும் கலக்கவில்லை" என்று எழுதிவிடுவார். சந்தேகம் தீர ஒரே வழி, பக்கத்திலேயே தனிப் பிவிசி தட்டு ஒன்று ஊற்றி வைப்பது. அதுவும் மங்கினால் குற்றவாளி மழை. அப்போது சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரை மூடாமல் சற்றே திறந்து வைத்து அதற்குள் ஊற்றுங்கள்.

உலர்த்துவது: எல்லாம் இங்கேதான் கெடுகிறது

கரைப்பானும் டிஓபி போல ஒரு பிளாஸ்டிசைசர் (மென்மையாக்கி) தான். சில சதவீத டிஹெச்எஃப் உள்ளே தங்கினாலே பிவிசியின் டிஜி பத்து டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். சரி, 60 டிகிரியில் இரண்டு நாள் வைத்தால் போய்விடாதா? போகாது. காரணம் கொஞ்சம் நுட்பமானது.

ஈரமான படலத்தின் டிஜி அறை வெப்பத்துக்கும் கீழே. கரைப்பான் போகப்போக அது ஏறிக்கொண்டே வரும். ஏறி ஏறி அவனின் வெப்பநிலையைத் தொட்டவுடன் படலம் அந்த வெப்பத்திலேயே கண்ணாடியாக உறைந்துவிடும். உறைந்த பிறகு உள்ளே மிச்சம் உள்ள கரைப்பான் நகர முடியாமல் நின்றுபோகும். அதாவது 60 டிகிரி அவனில் தனிப் பிவிசியை எத்தனை நாள் வைத்தாலும் அதன் டிஜி 60-ஐ ஒட்டியே நிற்கப் பார்க்கும். உண்மை மதிப்பு 83 °செ பக்கம். 65 என்று வந்த டிஜியைப் பார்த்து "நம் ரெசின் வேறு மாதிரி" என்று எழுதிவிடக்கூடாது. அவனின் வெப்பநிலையைத்தான் மெஷின் திருப்பிச் சொல்கிறது.

விதி எளிது: உலர்ந்த பொருளின் டிஜி எதுவோ அதற்கு மேலே கடைசிக் கட்ட உலர்த்தல் நடக்க வேண்டும்.

படிகள் இப்படி. படலத்தைத் தட்டிலிருந்து உரித்து டெஃப்லான் தாளின் மேல் வையுங்கள். 40 °செ, லேசான வெற்றிடம், 12 மணி நேரம். முழு வெற்றிடத்தை முதலிலேயே திறந்தால் படலம் அப்பளம்போல் பொங்கும். அடுத்து 60 °செ, முழு வெற்றிடம், 24 மணி நேரம். 80:20 வரையுள்ள கலவைகளுக்கு இது போதும். அவற்றின் டிஜி 60-க்குக் கீழே. தனிப் பிவிசிக்கு மட்டும் இன்னும் 6 மணி நேரம் 90 °செ வெற்றிடத்தில். காற்றுள்ள அவனில் இதைச் செய்தால் ரப்பர் அதிகமுள்ள படலங்கள் விறைக்கும், பழுப்பேறும், பிறகு எதிலும் கரையாது.

6 மணி நேரத்துக்கு ஒருமுறை எடை பார்த்து, இரண்டு முறைக்கு இடையில் அரை மி.கி. வித்தியாசம்கூட இல்லை என்றால் நிறுத்தலாம். டிஜிஏ கிடைத்தால் ஒரு துண்டை ஓட்டிப் பாருங்கள். 150 °செக்குள் இழப்பு அரை சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

தனிப் பிவிசியின் டிஜிக்கு இன்னொரு குறுக்கு வழி உண்டு, அதுவே எங்களுக்குப் பிடித்தது. கரைக்காத ரெசின் தூளை அப்படியே டிஎஸ்சியில் ஓட்டுங்கள். கரைப்பானே படாத பொருளில் கரைப்பான் தொல்லை ஏது? படலத்தின் டிஜி தூளின் டிஜியிலிருந்து இரண்டு மூன்று டிகிரிக்குள் இருந்தால் உங்கள் உலர்த்தல் முறை சரி. கலவையின் டிஜியைக் கணிக்க, பின்னால் வரும் ஃபாக்ஸ் கோட்டின் ஒரு முனை இந்த எண்ணில்தான் கட்டப்பட்டிருக்கிறது. முனை தப்பினால் நடுவில் உள்ள அத்தனை புள்ளியும் தப்பாகத் தெரியும்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் யோசித்து வையுங்கள். வெற்றிடப் பம்பு நின்றதும் எண்ணெய் பின்னோக்கி ஏறி அவனுக்குள் வரலாம். இடையில் காலி டிராப் பாட்டில் வைப்பது நல்லது. இரவில் ஆள் இல்லையென்றால் வெற்றிடம் ஏற்றியபின் வால்வை மூடிவிட்டுப் பம்பை நிறுத்திவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்

எப்போதும் ஒரு 'கலக்காத ஜோடி'யைக் கூட ஊற்றுங்கள். தெர்மாகோல் துண்டு பாலிஸ்டைரீன். பெயர்ப்பலகைக் கடையில் வீணாகும் அக்ரிலிக் துணுக்கு பாலிமெத்தில்மெத்தாக்ரிலேட். இரண்டையும் தனித்தனியே டிஹெச்எஃப்பில் கரைத்து, சம அளவு சேர்த்து, கண்ணாடிச் சில்லில் நாலு சொட்டு விடுங்கள். முதலில் தெளிவாகத்தான் இருக்கும். ஓரம் காயத் தொடங்கியதும் அங்கிருந்து ஒரு வெண்புகை உள்நோக்கி நகரும். கொஞ்ச நேரத்தில் சொட்டு முழுக்கப் பால். ஒன்றின் ஒளிவிலகல் எண் 1.59, மற்றதன் எண் 1.49. இவ்வளவு வித்தியாசம் இருப்பதால் பிரிவு பளிச்சென்று தெரிகிறது.

இதை வைத்துத் தெளிந்த படலமெல்லாம் ஒன்றானது என்று முடிவு கட்டாதீர்கள். பிவிசி 1.54, நைட்ரைல் ரப்பர் 1.52 பக்கம். மெல்லிய படலத்தில் இவை பிரிந்தே கிடந்தாலும் கண்ணுக்கு மங்கல் எட்டாமல் போகலாம். மங்கினால் சந்தேகப்படலாம், தெளிந்தால் நம்ப முடியாது.

அந்தத் தெர்மாகோல்–அக்ரிலிக் ஜோடியில் நேரெதிரான பொறி ஒன்றும் இருக்கிறது. பால்போல் பிரிந்திருக்கும், ஆனால் டிஎஸ்சியில் ஒரே டிஜிதான் தெரியும். ஏனென்றால் ஒன்றுக்கு 100, மற்றதற்கு 105 °செ. இரண்டு டிஜிக்கும் இடையே குறைந்தது 20 டிகிரி இடைவெளி இல்லாத ஜோடிக்கு டிஎஸ்சியை மட்டும் நம்பி முடிவு சொல்லக்கூடாது. பிவிசி–நைட்ரைல் ஜோடியில் இடைவெளி நூறு டிகிரிக்கு மேல். இதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாகுநிலைச் சோதனை

பெரிய மெஷின் இல்லாத கல்லூரிக்கு இது வரம். செறிவு 0.2, 0.4, 0.6, 0.8, 1.0 கிராம்/100 மி.லி. ஒவ்வொன்றுக்கும் மூன்று முறை வழிவு நேரம், மூன்றும் 0.2 நொடிக்குள் ஒத்துப்போக வேண்டும். வெறும் கரைப்பானின் நேரம் 100 நொடிக்குக் குறையாத விஸ்கோமீட்டரைத் தேர்ந்தெடுங்கள்.

தொட்டி வெப்பநிலை 30 °செ என்று பாடப்புத்தகங்களில் இருக்கும். நம் ஊரில் மே மாதம் அறையே 36–38 இருக்கும்போது சூடேற்றி மட்டும் உள்ள தொட்டியால் 30-ஐப் பிடிக்க முடியாது. காட்டி 30 என்று வைத்திருப்பீர்கள், தண்ணீர் 36-இல் நிற்கும். குளிர்விப்பான் இல்லையென்றால் 40 °செயில் வைத்து எல்லா விகிதத்தையும் அதிலேயே முடியுங்கள். எண் எதுவானாலும் நிலையாக இருப்பதுதான் முக்கியம். தொட்டியில் போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து கண்ணாடி மங்கி, கோட்டைக் கடக்கும் கணம் தெரியாது. ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள்.

தற்பாகுநிலையை (கரைசலின் நேரத்திலிருந்து கரைப்பானின் நேரத்தைக் கழித்து, கரைப்பானின் நேரத்தால் வகுத்தது) செறிவால் வகுத்து, செறிவுக்கு எதிராக வரையுங்கள். நேர்க்கோட்டின் சரிவு 'பி'. தனிப் பிவிசிக்கு பி11, தனி ரப்பருக்கு பி22, கலவைக்கு பிக. கிரிக்பாம், வால் இருவரும் 1950இல் தந்த முறை இது:

பிக = (எ1 × எ1 × பி11) + (எ2 × எ2 × பி22) + (2 × எ1 × எ2 × பி12)

எ1, எ2 என்பவை எடைப் பின்னங்கள். இதிலிருந்து பி12-ஐப் பிரித்தெடுத்து, பி11, பி22 இரண்டின் பெருக்கலின் வர்க்கமூலத்தோடு ஒப்பிட வேண்டும். கணக்கு புரிவதற்காக வைத்த எண்களோடு பார்ப்போம். பி11 = 0.40, பி22 = 0.90. பெருக்கல் 0.36, வர்க்கமூலம் 0.60. 50:50 கலவையில் பிக 0.68 என்று வந்தால், 0.68 − 0.10 − 0.225 = 0.355. அதை 0.5-ஆல் வகுத்தால் பி12 = 0.71. வித்தியாசம் +0.11. நேர்க்குறி வந்தால் ஈர்ப்பு, கலக்கும். எதிர்க்குறி வந்தால் விலக்கம். சரிவில் நேரும் பிழை இந்த வித்தியாசத்தில் பல மடங்காகும். +0.01 போன்ற எண்ணை வைத்துக்கொண்டு முடிவு எழுதாதீர்கள்.

இந்த முறை கரைசலில் நடப்பதை மட்டும் சொல்லும். பாலிஸ்டைரீனும் பாலிவினைல் மெத்தில் ஈதரும் இதற்கு நல்ல உதாரணம். டொலுவீனிலிருந்து ஊற்றினால் தெளிந்த படலம், குளோரோஃபாரத்திலிருந்து ஊற்றினால் மங்கல் படலம். அதே ஜோடிதான். கரைப்பான் ஒன்றோடு அதிகம் ஒட்டிக்கொண்டால் மற்றதைத் தள்ளிவிடுகிறது.

டிஎஸ்சி ஓட்டம்

வெளியே அனுப்புகிறீர்கள் என்றால் "டிஜி பார்க்கவும்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், 30 டிகிரியில் தொடங்கி ஒரே ஒரு சூடேற்றம் ஓட்டித் தந்துவிடுவார்கள். ரப்பரின் டிஜி சுழியத்துக்குக் கீழே 30. அது தெரியவே தெரியாது. இப்படி எழுதுங்கள்:

1. மாதிரி 5 முதல் 8 மி.கி., படலத்திலிருந்து வட்டமாக வெட்டி, தட்டையாக அடுக்கியது. மூடியில் ஊசித்துளை.
2. நைட்ரஜன் 50 மி.லி./நிமிடம்.
3. −80 °செ முதல் 120 °செ வரை 10 °செ/நிமிடம், அங்கே 3 நிமிடம் நிறுத்தம்.
4. 20 °செ/நிமிட வேகத்தில் மீண்டும் −80 வரை குளிர்வித்தல்.
5. மறுபடி 120 வரை 10 °செ/நிமிடம். இரண்டு சூடேற்றத்தின் தரவும் வேண்டும்.
6. ஓட்டம் முடிந்தபின் சட்டியின் எடை.

அளவுத்திருத்தம் இண்டியத்தால், 156.6 °செயில். குளிர் பக்கத்துக்கு சைக்ளோஹெக்ஸேன் நல்லது. −87 டிகிரியில் ஒரு திண்ம மாற்றமும், 6.5 டிகிரியில் உருகலும் தரும்.

120-ஐத் தாண்டச் சொல்லாதீர்கள். ஸ்டெபிலைசர் இல்லாத பிவிசி ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவைக் கக்கும், டிஎஸ்சி செல்லை அரிக்கும். ஒருமுறை அப்படி நடந்தால் அடுத்த முறை அந்த ஆய்வகம் உங்கள் மாதிரியை வாங்காது.

முதல் சூடேற்றத்தில் பிவிசி டிஜியின் மேல் ஒரு சின்ன மேடு வரும். அதை உருகுநிலை என்று எழுதிவிடுகிறார்கள். நாள்கணக்கில் கிடந்த கண்ணாடிப் பொருள் இறுகியதன் தடம் அது, இரண்டாம் ஓட்டத்தில் இருக்காது. டிஜியை இரண்டாம் சூடேற்றத்தின் படிக்கட்டில் பாதி உயரத்தில் எடுங்கள். ஓட்டத்துக்குப் பின் சட்டியின் எடை குறைந்திருந்தால் உலர்த்தல் போதவில்லை.

ஒரே படி, இரண்டு முனைக்கும் நடுவே என்றால் கலந்துவிட்டது. பழைய இடங்களிலேயே இரண்டு படி என்றால் கலக்கவில்லை. இரண்டு படி, ஆனால் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்திருந்தால் பாதிக் கலப்பு. ஒரே படிதான், ஆனால் 40 டிகிரி அகலத்துக்குச் சரிந்து கிடக்கிறது என்றால் அவசரப்படாதீர்கள். நுண்ணளவில் இடத்துக்கு இடம் விகிதம் மாறியிருக்கிறது என்று பொருள். டிஎஸ்சி சுமார் 20 நானோமீட்டருக்கும் சிறிய திட்டுகளைப் பிரித்துக் காட்டாது. டிஎம்ஏ (பொருளை லேசாக அசைத்து அதன் விறைப்பை அளக்கும் கருவி) கிடைத்தால் அங்கே ஓட்டலாம். ஆனால் அதன் டேன்-டெல்டா உச்சி டிஎஸ்சி மதிப்பைவிடப் பத்து இருபது டிகிரி மேலே இருக்கும். இரண்டு மெஷினின் எண்களையும் ஒரே வரைபடத்தில் போடாதீர்கள்.

ஃபாக்ஸ் கணக்கு

1956இல் வந்த எளிய சமன்பாடு:

1/டிஜி = எ1/டிஜி1 + எ2/டிஜி2

வெப்பநிலை கெல்வினில். பிவிசி 83 °செ என்றால் 356, ரப்பர் −30 °செ என்றால் 243. 80:20க்குச் சுமார் 53 °செ வரும். 70:30க்கு 39. 50:50க்கு 16. 30:70க்கு −4. செல்சியஸிலேயே போட்டால் 50:50க்கு −94 வரும். இரண்டு முனையையும் விடக் கீழே போகும் அந்த எண்ணைப் பார்த்தும் அப்படியே ஒப்படைப்பவர்கள் உண்டு.

70:30 கலவையின் 39 °செயைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மார்கழிக் காலையில் அந்தப் படலத்தை மடக்கினால் விறைப்பாக எதிர்க்கும். அக்னி நட்சத்திர மதியத்தில் அதே படலம் துவளும். பொருள் மாறவில்லை, வேலூர் வெயில் அதன் டிஜியைத் தாண்டிப் போகிறது. இழுவிசைச் சோதனை செய்பவர்கள் அறை வெப்பநிலையை எழுதாமல் விட்டால் ஜனவரி எண்ணும் மே எண்ணும் வேறு வேறு பொருளுடையவைபோல் நிற்கும்.

அளந்த புள்ளிகள் ஃபாக்ஸ் கோட்டுக்கு மேலே போனால் ஈர்ப்பு பலமாக இருக்கலாம். கீழே போனால் முதலில் உலர்த்தலைச் சந்தேகியுங்கள், அப்புறம்தான் வேதியியல். கோர்டன்–டெய்லர், க்வெய் என்னும் வேறு டிஜி சமன்பாடுகளைப் பொருத்துவது தவறில்லை. ஆனால் ஐந்து புள்ளிக்கு இரண்டு மாறிலி போட்டால் எதுவும் பொருந்தும்.

எஃப்டிஐஆரில் (அகச்சிவப்பு நிறமாலையில்) நைட்ரைல் பட்டை 2237 அலைஎண் பக்கம். கலவையில் அது ஓரிரு எண் நகர்ந்தது என்று ஈர்ப்பை நிரூபிப்பதற்கு முன், கருவியின் பிரிதிறனைப் பாருங்கள். 4 என்று வைத்து ஓட்டியிருந்தால் அந்த நகர்வுக்கு மதிப்பில்லை.

டிஜிஏ

8–10 மி.கி., நைட்ரஜன், 10 °செ/நிமிடம், 700 வரை. பிவிசி முதலில் 250–350 டிகிரியில் ஹைட்ரஜன் குளோரைடை இழக்கும். ஒரு கண்ணியின் எடை 62.5, அதில் போகும் வாயு 36.5. ஆக 58 சதவீதம். மிச்சம் 400க்கு மேல் உடையும். நைட்ரைல் ரப்பர் 380 முதல் 500 வரை ஒரே இறக்கம். 50:50 கலவையில் முதல் இறக்கம் 29 சதவீதத்தை ஒட்டி வந்தால் ஒன்றையொன்று பாதிக்கவில்லை. அதற்கு வெகுவாகக் குறைந்தால் உள்ளே சுண்ணாம்புத் தூள் இருக்கிறதா பாருங்கள். அது அமில வாயுவைப் பிடித்துக் கால்சியம் குளோரைடாக வைத்துக்கொள்ளும். கடை சோல் துண்டை ஓட்டுபவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

வெளிவரும் வாயுவைக் காஸ்டிக் சோடா கரைசலில் விடுங்கள், நடுவில் ஒரு காலி பாட்டில் வைத்து.

ரோல் மில்லில் செய்பவர்களுக்கு

மில்லில் வரும் முதல் தவறு வேறு மாதிரி. பிவிசித் துகள் முழுசாக இளகாமல் மணல்போல் நின்றுவிட்டால், டிஎஸ்சியில் 80 டிகிரி பக்கம் ஒரு படி அப்படியே தெரியும். அதைக் 'கலக்காத ஜோடி' என்று படிக்கக்கூடாது. கலக்கவே வாய்ப்புத் தராத ஜோடி அது. ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்தால் மீன்கண் மாதிரிப் புள்ளிகள் தெரியும்.

வரிசை இப்படி இருக்கட்டும். ரெசின் 100 பங்கோடு கால்சியம்–துத்தநாகம் அல்லது டின் ஸ்டெபிலைசர் 2–3 பங்கு சேர்த்து அதிவேக மிக்சரில் 100–110 °செ வரை ஓட்டி, 40க்கு ஆற்றுங்கள். டிஓபி சேர்ப்பதானால் இதே கட்டத்தில், நடுவில் சொட்டுச்சொட்டாக. ரப்பரைத் தனியே குளிர்ந்த மில்லில் நாலைந்து நிமிடம் மெல்லவிட்டு மென்மையாக்குங்கள். பிறகு ரோலை 155–160 °செக்குக் கொண்டுவந்து, பிவிசி பட்டையாகப் பிடித்த பின் ரப்பரைத் துண்டு துண்டாகச் சேருங்கள். 8–10 நிமிடம், இடமும் வலமும் வெட்டி மடித்து. 165–170 டிகிரியில் 3–5 நிமிடம் அழுத்தி, அழுத்தத்தை விடாமலே ஆற்றுங்கள்.

இந்த ஷீட்டில் டிஓபி இருந்தால் ஃபாக்ஸ் கணக்கில் மூன்றாவது உறுப்பாக அதையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் டிஜி ஏன் இவ்வளவு கீழே போனது என்று ரப்பரின் மேல் பழி விழும்.

ரப்பர் பழக்கத்தில் ஜிங்க் ஆக்சைடை 5 பங்கு அள்ளிப் போட்டுவிடாதீர்கள். பிவிசி விடும் அமிலத்தோடு சேர்ந்து அது ஜிங்க் குளோரைடு ஆகும். அந்தக் குளோரைடே பிவிசி சிதைவை மேலும் விரட்டும். ஷீட் முதலில் இளமஞ்சளாக இருக்கும், எல்லாம் சரியாகப் போவதுபோல் தோன்றும். பிறகு ரோலின் மேலேயே சட்டென்று கருத்துப் புகையும். குறுக்குப்பிணைப்பு வேண்டுமானால் மக்னீசியம் ஆக்சைடைக் கொண்டு முயலுங்கள். கருக்கத் தொடங்கியதும் ரோலைத் திறந்து, ஷீட்டை வழித்துத் தண்ணீரில் போட்டுவிட்டு, சன்னல்களைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள். வருவது அமிலப் புகை.